தாத்தாவின் முக்காலியா, தங்கக் கால் மேசையா?

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்ப்பதற்காக, நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறீர்கள். ஹால் பத்துக்குப் பதினாலு. அதில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, ஜன்னல் ஓரம் அம்மா உட்காரும் திவான் ஒன்று. இரண்டுக்கும் பக்கத்தில் வைக்கச் சின்ன மேசை வேண்டும். மாரண்டஅள்ளிப் பக்கத்துச் சொந்த ஊரில் தாத்தாவின் பழைய முக்காலி ஒன்று கிடக்கிறது. தேக்கு என்கிறார்கள், ஒன்றரை அடி உயரம், கால் லேசாக ஆடுகிறது, மேல்பலகையில் ஒரு கறுப்பு வளையம். வீட்டம்மாவோ ஆன்லைனில் ஜோடியாக இரண்டு பார்த்து வைத்திருக்கிறார்: மார்பிள் மாதிரி வெள்ளை வட்டப் பலகை, தங்க நிற இரும்புக் கால், 22 அங்குல உயரம். எது நல்லது என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் ‘ரெண்டையும் ஒரே ஹாலில் வெச்சா பார்க்கிறவங்க சிரிப்பாங்களா’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கும் வருகிறேன்.

நான் மரவேலைக்காரன். அப்பாவிடம் பாலக்கோட்டில் உளி பிடிக்கக் கற்றேன். அப்போது இந்தப் பக்கம் முழுக்க தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004-ல்தான். அப்புறம் பெங்களூரில் பழைய சாமான்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் ஆறு வருஷம். இப்போது சொந்தப் பட்டறை. மரம், இணைப்பு, பாலிஷ் பற்றி நான் சொல்வதை நம்பலாம். நிறப் பொருத்தம், அலங்காரம் பற்றிச் சொல்வதெல்லாம் பல வீடுகளில் சாமான் இறக்கி வைத்துப் பார்த்த பழக்கத்தில் சொல்வது. அதை ஒரு சொந்தக்காரர் சொன்ன யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

பழசா புதுசா என்பதை ஓரமாக வைத்துவிட்டு டேப் ஒன்றை எடுங்கள். பக்க மேசை என்பது உட்கார்ந்திருப்பவரின் கைக்காக இருக்கும் சாமான். பார்க்காமலே கையை நீட்டி டம்ளரை வைக்க முடிய வேண்டும், பார்க்காமலே எடுக்க முடிய வேண்டும். சோபாவுக்குக் கைப்பிடி இருந்தால், மேசையின் மேல்தளம் கைப்பிடிக்குச் சமமாகவோ ஒன்றிரண்டு அங்குலம் கீழேயோ இருக்கட்டும். கைப்பிடியை விட உயர்ந்தால் முழங்கை இடிக்கும், டம்ளர் சாயும். ரொம்பத் தாழ்ந்தால் ஒவ்வொரு முறையும் கைப்பிடிக்கு மேலே எக்கிக் குனிய வேண்டும். இரண்டே நாளில் அந்த மேசையை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், காபி டம்ளர் தரைக்குப் போய்விடும். இப்போது வரும் சோபாக்களில் கைப்பிடி பெரும்பாலும் 22 முதல் 25 அங்குலத்துக்குள் இருக்கிறது. கைப்பிடி இல்லாத திவான், கட்டில் என்றால் கணக்கு வேறு. மெத்தையின் மேல்தளத்தை ஒட்டி, ஓரிரு அங்குலம் முன்பின் இருந்தால் கை தானாகப் போய் உட்காரும். திவான் மெத்தையோடு சேர்த்து பொதுவாக 16, 17 அங்குலம் வரும்.

இதிலேயே உங்கள் வீட்டு வழக்கு பாதி முடிந்துவிட்டது பாருங்கள். ஒன்றரை அடி முக்காலி சோபாவுக்குப் பொருந்தாது, அம்மாவின் திவானுக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும். 22 அங்குல மேசை திவானுக்குக் கொஞ்சம் உயரம், சோபாவுக்குச் சரி. தாத்தா சாமானைச் சோபா பக்கத்தில் வைத்தே தீர வேண்டும் என்று கால்களுக்கு அடியில் கட்டை ஒட்டி உயர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஆறு அங்குலக் கட்டையில் நிற்கும் முக்காலி, குதிகால் செருப்பு போட்ட குழந்தை மாதிரி இருக்கும், விழவும் விழும்.

அகலத்துக்கு ஒரே விதிதான்: சோபாவின் ஆழத்தைத் தாண்டி முன்னால் துருத்தக் கூடாது. பத்தடி அகல ஹாலில் நடக்க இரண்டரை அடியாவது வழி விடுங்கள். சோபாவுக்கும் மேசைக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் விட்டால் துடைக்க, பெருக்க வசதி. இடமே போதவில்லை என்றால் ஆங்கில ‘C’ எழுத்து வடிவத்தில், பாதம் சோபாவுக்கு அடியில் நுழைகிற மாதிரி மேசைகள் உண்டு. 1927-ல் ஐலீன் கிரே என்ற வடிவமைப்பாளர் செய்த கண்ணாடி மேசையின் வழி வந்தவை அவை. அதில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். வாங்கும் முன் சோபாவுக்கு அடியில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று பாருங்கள், பெட்டி வைத்த சோபாக்களில் சந்தே இருக்காது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மேசைகளும் புது யோசனை இல்லை. 1803-லேயே தாமஸ் ஷெராட்டன் என்ற ஆங்கிலேயர் நான்கு மேசைகள் ஒன்றுக்குள் ஒன்று போவதை வரைந்து வைத்திருக்கிறார். விருந்தாளி வரும்போது மட்டும் மேசை தேவைப்படுகிற வீட்டுக்கு அது இன்றைக்கும் நல்ல தீர்வு.

முக்காலி என்ற பேச்சு வந்ததால் ஒன்று. நாம் டீப்பாய் என்கிறோமே, அதற்கும் டீக்கும் பிறப்பில் சம்பந்தம் கிடையாது. ஹிந்தியில் மூன்றைக் குறிக்கும் சொல்லோடு, காலைக் குறிக்கும் பாரசீகச் சொல் சேர்ந்து வந்தது அது. வெள்ளைக்காரர் வாயில் டீயோடு ஒட்டிக்கொண்டது. அதாவது டீப்பாய் என்றாலும் முக்காலிதான். நான்கு கால் வைத்த ஸ்டூலையும் முக்காலி என்றே கூப்பிடும் வீடுகள் நம் பக்கம் உண்டு, அதனால் உங்கள் தாத்தாவுடையது எத்தனை கால் என்று எண்ணிப் பாருங்கள். அதில் விஷயம் இருக்கிறது. மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது, மேடு பள்ளமான கல் தரையிலும் மூன்றும் பதிந்து நிற்கும். ஆனால் சீக்கிரம் கவிழும். வட்டப் பலகைக்கு நேர் கீழே விளிம்பில் மூன்று கால் இருந்தால், இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள பக்கத்தில், மையத்திலிருந்து பாதித் தூரம் வரைதான் பாரம் பத்திரம். அதைத் தாண்டி ஒருவர் கையை ஊன்றினால் சாயத் தொடங்கும். அதே வட்டத்தில் நான்கு கால் என்றால் பத்தில் ஏழு பங்கு தூரம் வரை தாங்கும். வயதானவர்கள் எழுந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பதைப் பிடித்துத்தான் எழுவார்கள். அம்மாவின் திவான் பக்கத்தில் வைக்கப் போவதால் கேட்கிறேன்: மூன்று காலாக இருந்து, அம்மா அதை ஊன்றி எழுகிறவர் என்றால், சுவர் மூலையோடு அணைத்து வையுங்கள்.

இனி அது தேக்குதானா என்பது. போட்டோவை மட்டும் பார்த்து யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்கூட. மேலே பாலிஷ் ஏறிய பழைய மரம் எல்லாமே தேன் கலரில்தான் தெரியும். கவிழ்த்துப் போட்டு, பாலிஷ் படாத அடிப்பக்கத்தில் கூரான கத்தியால் நகத்தளவு சுரண்டுங்கள். தேக்கு என்றால் உள்ளே பொன் கலந்த பழுப்பு தெரியும், தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, மூக்கருகே கொண்டுபோனால் தோல் சாமான் மாதிரி ஒரு வாசம். வாசம் தெரிந்த ஆசாரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். நம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுச் சாமான்களுக்கு வேம்பு, பூவரசு, வாகை, பலா எல்லாம் தாராளமாகப் போட்டார்கள். தேக்கு என்பது பல வீடுகளில் பாசத்தில் வந்த பட்டம். வேம்பாக இருந்தால் வருத்தப்படாதீர்கள், வைரம் பாய்ந்த வேம்பு நல்ல மரம்.

‘பர்மா தேக்கு’ என்று யாராவது சொன்னால் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். பர்மாவிலிருந்து ஒரு காலத்தில் நிறைய வந்தது உண்மை, செட்டிநாட்டு வீடுகளே சாட்சி. ஆனால் மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் அறுக்காத மரத்தை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இன்றைக்குப் புதுச் சாமானை பர்மா என்று சொல்லி விற்றால், அது பழைய வீட்டு உத்திரமோ கதவோ பிரித்த மரமா, வெறும் வாய்ப்பேச்சா என்று கேட்கலாம். பிரித்த மரம் என்றால் ஆணித் துளை, பழைய வெட்டு ஏதாவது எங்காவது இருக்கும். அது குறை இல்லை, அத்தாட்சி.

வயது தெரிய வேண்டுமா? வட்டப் பலகையாக இருந்தால் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. மரம் காயக் காய அகலவாக்கில் சுருங்கும், ரேகை ஓடும் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்காது. எனவே உண்மையாகப் பழைய வட்டப் பலகை மிகச் சிறிய அளவில் நீள்வட்டமாகியிருக்கும். ரேகை வாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை டேப் பிடியுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறுக்கே குறைவாக இருந்தால் மரம் வருஷக்கணக்கில் காய்ந்திருக்கிறது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் பலகை புதிது, அல்லது ஒட்டுப்பலகை, அல்லது முன்பே நன்றாக உலர்த்திச் செய்தது. அதனால் வித்தியாசம் இருப்பதை வயதுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம், இல்லாததை வைத்து முடிவு கட்ட முடியாது. அடிப்பக்கத்தில் இழைப்புளியின் அலை விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்றும் தடவிப் பாருங்கள். கையால் இழைத்த பலகையின் கீழ்ப்பக்கத்தை யாரும் மெனக்கெட்டு வழவழப்பாக்குவதில்லை.

கால் ஆட்டம் பற்றி. தரை மட்டம் இல்லாததால் ஆடுகிறதா, இணைப்பு தளர்ந்து ஆடுகிறதா என்பதைப் பிரித்துப் பாருங்கள். பலகையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, காலை மறு கையால் அசைத்தால் தெரிந்துவிடும். தரையால் ஆடினால் குட்டையான காலுக்கு அடியில் ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள், நீளமான காலை அறுக்காதீர்கள். ஒரு காலை அறுத்து, அப்புறம் இன்னொன்றை அறுத்து, கடைசியில் மணை மாதிரி ஆன ஸ்டூல் ஒன்று என் பட்டறைக்கே வந்திருக்கிறது. இணைப்பு தளர்ந்திருந்தால் சுத்தியலும் ஆணியும் எடுக்காதீர்கள். பழைய சாமான்களில் கழுந்தை, அதாவது காலின் நுனியில் செதுக்கிய முளையை, துளையில் இறக்கி வஜ்ஜிரப் பசை போட்டிருப்பார்கள். அந்தப் பசை காய்ந்து உதிர்ந்ததுதான் ஆட்டத்துக்குக் காரணம். அதன்மேல் அப்படியே ஃபெவிகால் ஊற்றினால் பிடிக்காது. பழைய பசைக்கு வெந்நீர் என்றால் பயம். துணியை வெந்நீரில் நனைத்துச் சுற்றி வைத்தால் இளகும், சுரண்டி எடுத்து, நன்றாகக் காய வைத்து, பிறகு புதுப்பசை போட்டுக் கயிற்றால் முறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விடுங்கள். கழுந்து தேய்ந்து மெலிந்திருந்தால் மெல்லிய மரச்சீவல் வைத்து இறுக்க வேண்டும், அது கைப்பழக்கம் வேண்டிய வேலை, ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள். ஆணி அடித்த இடத்தில் மரம் பிளக்கும், பிளந்த கழுந்தைச் சரி செய்வது புதிதாகச் செய்வதைவிடப் பெரிய வேலை.

பூச்சி பார்த்தீர்களா? வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்னால் கட்டாயம் பார்க்க வேண்டியது இது. கரையான் மண் பூசிக்கொண்டு வரும், மண் வரி தெரியும். அது தரையிலிருந்து வருவது, மண்ணோடு தொடர்பு அறுந்தால் பெரும்பாலும் முடிந்தது. வண்டு வேறு மாதிரி. குண்டூசித் தலையளவு வட்டத் துளைகள், கீழே மாவு. துளை இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டாம், பூச்சி முப்பது வருஷத்துக்கு முன்னால் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். ஒரு கறுப்புத் துணியை விரித்து அதன்மேல் முக்காலியை இரண்டு வாரம் தொடாமல் வையுங்கள். வெளிர் மாவு விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அப்படியானால் வீட்டுக்குள் வேண்டாம், முதலில் மருந்து. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் பாலிஷ் இல்லாத மரத்தில் நன்றாக ஊறும், பாலிஷ் மேலே தடவினால் பயன் இல்லை. துளைகளில் ஊசியால் ஏற்றலாம். தேக்கின் வைரப் பகுதியை வண்டு பெரும்பாலும் தொடாது, ஓரத்தில் இருக்கும் வெள்ளை மரத்தைத்தான் தின்னும்.

இதில் நானே பட்டவன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தோப்பில் காய்ப்பு நின்ற மாமரங்களை வெட்டினார்கள். நம் மாவட்டத்தில் மாமரத்துக்குப் பஞ்சமா? பலகையின் ரேகையைப் பார்த்து மயங்கி, மருந்து முக்காமல் அவசரமாக என் வீட்டுக்கே இரண்டு பக்க மேசை செய்தேன். எட்டாவது மாதம் மேசைக்குக் கீழே கோலமாவு சிந்தியது போல வெள்ளை. மாமரம் அழகான மரம், சாயம் நன்றாக ஏறும், விலையும் அதிகமில்லை. ஆனால் மருந்து ஊறாத மாமரம் வண்டுக்குப் பந்தி விரித்தது மாதிரி. ரப்பர் மரமும் அப்படித்தான். ஆன்லைனில் மா, ரப்பர் என்று போட்டிருந்தால் மருந்து ஏற்றி உலர்த்தியதா என்று கேட்டு வாங்குங்கள்.

கறுப்பு வளையத்துக்கு வருவோம். வெள்ளையாக மங்கிய வளையம் என்றால் பாலிஷுக்குள் ஈரம் புகுந்தது, அது மேலோட்டமான காயம். கறுப்பு என்றால் தண்ணீர் பாலிஷைத் தாண்டி மரத்துக்கே போயிருக்கிறது, கூடவே இரும்பும் சேர்ந்திருக்கிறது. மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும். தாத்தா இரும்புச் சட்டியோ துருப்பிடித்த டப்பாவோ வைத்திருப்பார். பாலிஷை நீக்கிவிட்டு ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவினால் கறை வெளுக்கும். அது விஷம், கையுறை வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது, பிறகு நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். வழி இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். என்னைக் கேட்டால் வளையத்தை விட்டுவிடுவேன். அதன்மேல் ஒரு சின்ன பித்தளைத் தட்டை வைத்தால் போயிற்று.

மிஷின் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கித் தரவா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெங்களூர்ப் பட்டறையில் சேர்ந்த புதிதில் ஒரு பழைய மேசையை நான் மிஷினால் தேய்த்தேன். மேலே இருந்தது காகிதம் போல மெல்லிய ரோஸ்வுட் தகடு என்பது, அது கிழிந்து கீழே வேறு மரம் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பழைய மரத்தின் மேல்தோல் பல வருஷக் காற்றும் வெளிச்சமும் கையும் பட்டு வந்த நிறம், அதைச் சுரண்டிவிட்டால் மீண்டும் வராது. முதலில் ஈரத்துணி, காய்ந்த பிறகு ஸ்பிரிட் ஒரு சொட்டு மறைவான இடத்தில் வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ், அதே பாலிஷை மெல்லிசாக இரண்டு கை ஏற்றினால் எழும்பி வந்துவிடும். இளகவில்லை என்றால் வார்னிஷோ பிற்காலத்து வேறு பூச்சோ. அப்போது 320 நம்பர் உப்புத்தாளால் பட்டும் படாமல் தடவி, மேலே மெழுகு போடுவது பத்திரம். மரத்துக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்-க்குள், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்குள், கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளைத் துணியில் வழித்து எறியுங்கள்.

சரி, வீட்டம்மா பார்த்து வைத்த மேசை. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, உயரம் சரி, வட்டம் என்பதால் மூலை இடிக்காது, சின்னப் பிள்ளைகள் ஓடுகிற வீட்டுக்கு நல்லது. மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். வெள்ளைப் பலகை எதனால் ஆனது? ‘எஞ்சினியர்டு வுட்’ என்று எழுதியிருந்தால் மரத்தூளையோ நாரையோ அழுத்திச் செய்த பலகை, மேலே மார்பிள் படம் ஒட்டியது. அது உலர்ந்திருக்கும் வரை பிரச்சினை இல்லை. விளிம்பில் தண்ணீர் புகுந்தால் உப்பிவிடும், உப்பியது திரும்ப அடங்காது. டம்ளர் வியர்வை தினமும் வழிகிற இடத்தில் அதன் ஆயுள் குறைவுதான். உண்மையான மார்பிள் என்றால் எலுமிச்சை, புளித்தண்ணீர் பட்ட இடம் பளபளப்பு போய் மங்கும். மஞ்சள் கறை இறங்கினால் பெரும்பாடு. கண்ணாடி என்றால் டஃபன்டு கண்ணாடியா என்று கேளுங்கள். உடைந்தாலும் சின்னத் துண்டுகளாக உதிரும், கத்தி மாதிரி பெயராது.

காலில் பார்க்க வேண்டியது தங்க நிறத்தை இல்லை, வெல்டிங் வைத்த இடங்களை. துரு அங்கேதான் தொடங்கும். நாம் வாரத்துக்கு ஒரு தடவையாவது தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறவர்கள், பண்டிகைக்கு வாளி வாளியாக ஊற்றிக் கழுவுகிறவர்கள். எந்த மேசையாக இருந்தாலும், இரும்போ மரமோ, அடியில் ரப்பர் புஷ் போடுங்கள். பழைய மரக் கால்களின் நுனி உளுத்துப் போவதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம்.

மூன்றாவதாக, கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மார்பிள் படம் ஒட்டிய பலகையை எதற்குத் தபாலில் வரவழைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மைச் சுற்றி கிரானைட். பர்கூர்ப் பக்கம் போனால் கல் அறுக்கும் பட்டறைகளில் பெரிய வேலைக்கு அறுத்தது போக மிஞ்சிய துண்டு கிடைக்கும். எலுமிச்சைக்கும் புளிக்கும் கிரானைட் அசையாது. பதினைந்து அங்குல வட்டத்தை 18 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டினால் ஐந்தரைக் கிலோ வரும். அந்தக் கனத்தைக் கவனித்துக் காலை வடிவமைக்க வேண்டும். மேலே பாரமும் கீழே ஒடுங்கிய காலும் ஆபத்து, பாதம் பலகையின் விளிம்பு வரை விரியட்டும். வெல்டிங் கடையில் சொன்னால் செய்து தருவார்கள், கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே சிலிக்கான் பசை வைத்தால் போதும். தங்கக் கலர் வேண்டும் என்றால் பவுடர் கோட்டிங்கில் அதுவும் கிடைக்கும். வீட்டம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் கண்ணுக்குப் பிடித்த வடிவத்தை மாற்ற வேண்டாம், பொருளை மட்டும் மாற்றலாம்.

இதைக் கேட்டதும் பழைய தையல் மிஷின் ஸ்டாண்டின் மேல் கல் போடலாமே என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். பார்க்க அருமையாக இருக்கும், நானும் நான்கைந்து செய்திருக்கிறேன். ஆனால் அதன் உயரம் இரண்டு அடிக்கு மேலே போகும், தையலுக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்த உயரம் அது. சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தால் கைப்பிடியைத் தாண்டி உயர்ந்து நிற்கும். வாசலுக்குப் பக்கத்தில் சாவி, ஹெல்மெட், தபால் போடுவதற்குத்தான் அது லாயக்கு.

இப்போது சிரிப்பார்களா என்ற கேள்வி. மாட்டார்கள். ஆனால் ஏன் சில வீடுகளில் பழசும் புதுசும் ஒட்டாமல் நிற்கின்றன என்று யோசித்திருக்கிறேன். பெரும்பாலும், இரண்டையும் ஜோடியாக்கப் பார்த்த இடத்தில்தான் அது நடக்கிறது. சோபாவின் இடது கைப்பக்கம் முக்காலி, வலது கைப்பக்கம் தங்கக் கால் என்று வைத்தால் கண் இரண்டையும் ஒப்பிடும், ஒன்று மற்றொன்றைக் குறைத்துக் காட்டும். உங்கள் ஹாலில் அந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் அவை வெவ்வேறு இருக்கைக்குச் சேவகம் செய்கின்றன. ஜோடியாக இரண்டு வாங்காமல் சோபாவுக்கு ஒன்று மட்டும் வாங்குங்கள். முக்காலி ஜன்னல் ஓரம் தனி அரசாங்கம் நடத்தட்டும், நேர் வெயில் மட்டும் படாமல் அரையடி தள்ளி. கோடையில் நம் ஊர் வெயிலும் வறட்சியும் பலகையைப் பிளக்க வைக்கும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் அதே மாதிரிதான்.

இரண்டுக்கும் நடுவே ஏதாவது ஒன்று பொதுவாக இருந்தால் நன்றாயிருக்கும். தங்க நிறம் எப்படியும் பித்தளையைப் பார்த்துப் பிறந்த நிறம்தானே. முக்காலியின் மேல் பித்தளைச் செம்பு ஒன்றோ, பாட்டி காலத்துப் படி ஒன்றோ வையுங்கள். எதிர் மூலையில் இருக்கும் தங்கக் காலுக்கு அது பதில் சொல்லும். புது மேசையின் மேல் மரத்தில் ஒரு சின்னத் தட்டு. இவ்வளவுதான் அலங்காரம், இதற்கு மேல் அடுக்காதீர்கள். படத்தில் பார்க்கிற மேசைகளில் புத்தகம், மெழுகுவத்தி, பூச்சாடி என்று நிறைத்து வைத்திருப்பார்கள், அங்கே காபி வைக்க இடம் இருக்காது. நம் வீட்டுப் பக்க மேசைக்கு ரிமோட், மூக்குக் கண்ணாடி, மாத்திரை அட்டை, போன் சார்ஜர், டபரா டம்ளர் தினமும் வரும். பலகையில் பாதி எப்போதும் காலியாக இருக்கட்டும். மாத்திரையும் கண்ணாடியும் அந்த மரத்தட்டில் கிடந்தால் குப்பையாகத் தெரியாது. மேசையின் இடத்தை முடிவு செய்வதற்கு முன் ப்ளக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், இல்லையென்றால் சார்ஜர் வயர் நடைபாதையின் குறுக்கே ஓடும்.

அம்மா ஜன்னலோரம் படிக்கிறவர் என்றால் விளக்கு ஒன்று வைக்கத் தோன்றும். பல்பைச் சுற்றி மூடியிருக்கும் நிழற்குடையின் கீழ் விளிம்பு உட்கார்ந்தவர் கண் மட்டத்துக்கு வந்தால் பல்பு கண்ணைக் குத்தாது, புத்தகத்தில் வெளிச்சம் விழும். திவானில் உட்கார்ந்தால் கண் மட்டம் தரையிலிருந்து மூன்றேகால் அடி சுமார். முக்காலி ஒன்றரை அடி போக, மேசையிலிருந்து நிழற்குடை விளிம்பு வரை ஒன்றேமுக்கால் அடி இருக்கிற விளக்காகப் பாருங்கள். மூன்று கால் முக்காலி என்றால் விளக்கை நடுவில் வையுங்கள், ஓரத்தில் வேண்டாம்.

ஊருக்குப் போய் முக்காலியை எடுத்து வரும்போது பலகையைப் பிடித்துத் தூக்காதீர்கள், தளர்ந்த இணைப்பு மொத்தமாகக் கழன்றுவிடும். பலகைக்குக் கீழே கால்களைச் சேர்க்கும் சட்டத்தைப் பிடியுங்கள். தேக்கா இல்லையா என்று என்னிடம் இன்னொரு முறை கேட்பதாக இருந்தால், மேல்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம். கவிழ்த்து வைத்து, பகல் வெளிச்சத்தில், சுரண்டிய இடம் தெரிகிற மாதிரி அடிப்பக்கத்தை எடுங்கள். யாராவது பேரோ தேதியோ உளியால் கீறி வைத்திருந்தால் அதுவும் அங்கேதான் இருக்கும்.